சட்டை நிறத்தை நான்தான் சொன்னேன்

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தபோதுதான் அந்த ஆசை வந்தது. சமுதாயக் கல்லூரியில் குற்றவியல் டிப்ளமோ, மாலை வகுப்பு, கட்டணமும் குறைவு. பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் அன்றே சேர்ந்தேன். மூன்றே வாரத்தில் பாதி போலீஸ் ஆகிவிட்டதாக நினைப்பு!

அப்போதுதான் கீழ்க்கட்டளையில் எங்கள் பக்கத்து வீட்டுக் கீதா அக்கா ஜன்னலில் கழற்றி வைத்த சங்கிலி காணாமல் போனது. நோட்டும் பேனாவுமாக ஓடினேன்.

"ஜன்னல்கிட்ட யாரோ போன மாதிரி இருந்துச்சு" என்றார் அக்கா.

"சிவப்புச் சட்டையாக்கா?" என்றேன். தண்ணீர் கேன் போடும் செல்வம் அண்ணனை அன்று காலை சிவப்புச் சட்டையில் பார்த்திருந்தேன்.

"ஆமாமா, சிவப்புதான்!"

அன்று சிவப்புச் சட்டையில் வந்தது செல்வம் அண்ணன்தான் என்று அக்காவின் கணவர் கேன் கடையில் போய்க் கத்தினார். "வாசல்ல கேனை வெச்சிட்டு அப்டியே போய்ட்டேன் சார்" என்று செல்வம் அண்ணன் கெஞ்சியும், முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

நான்கு நாள் கழித்து, ஜன்னலுக்கு அடியிலிருந்த தையல் மெஷின் டிராயரில் சங்கிலி விழுந்து கிடந்தது. "நீ கேட்டதும் எனக்கு சிவப்பாவே தெரிஞ்சுதுடி" என்று அக்கா அழுதார். சாட்சியின் வாயில் பதிலைத் திணிக்கக் கூடாது என்ற பாடம் வகுப்பில் அடுத்த வாரம்தான் வந்தது. என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

இப்போதெல்லாம் "என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். செல்வம் அண்ணன் தாம்பரம் தாண்டிப் படப்பையில் மூட்டை தூக்குகிறாராம். இந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு கேன் கடைக்குப் போய், சட்டை நிறத்தைச் சொன்னது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன். அப்புறம் அந்த முதலாளியையும் அழைத்துக்கொண்டு படப்பைக்குப் போகப் பார்க்கிறேன்.