கணக்கு ரீச்சரின் சனி யந்திரம்

உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு. அதில் ஒன்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எண். மேல் வரிசையில் பன்னிரண்டு, ஏழு, பதினான்கு. நடுவில் பதின்மூன்று, பதினொன்று, ஒன்பது. கீழே எட்டு, பதினைந்து, பத்து. நெடுந்தீவு ஆசிரியர் விடுதியில் நாங்கள் இருவரும் சேர்ந்திருந்த அறையின் மேற்குச் சுவரோரம் அதைப் பலகைத் தட்டில் சாய்த்து வைத்துவிட்டுக் கணக்கு ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். அந்தக் குரலில் பக்தியைவிட வகுப்பறைதான் அதிகம் இருந்தது. "எந்தப் பக்கத்தாலை கூட்டினாலும் முப்பத்து மூண்டு வரும், பாரும். குறுக்காலையும் கூட்டும்" என்றார். கூட்டினேன், வந்தது. சனி பகவானைப் பற்றி எனக்கு அன்றைக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. கணக்கில் மட்டும் பிழை சொல்ல முடியவில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். தீவுக்கு வந்து இரண்டாவது வருடம், கலியாணம் ஆகவில்லை. அவர் நாற்பதைத் தாண்டியவர், ஆறாவது வருடம். கஷ்டப் பிரதேச சேவைக்கு விதித்த காலம் முடிந்து எத்தனையோ நாளாகியும் அவரை விட்டார்களில்லை. வருடாவருடம் இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பார். பதில் ஆள் வந்ததும் விடுவிக்கப்படுவீர் என்று வருடாவருடம் பதில் வரும். ஒரு மணி நேரம் கடலில் குலுங்கி நெடுந்தீவுக்குக் கணக்குப் படிப்பிக்க வர எவர் ஆசைப்படுவார்? "கணக்கு விளங்கினது என்ரை பிழை. சமூகக்கல்வி எடுத்திருந்தால் எப்பவோ கரை ஏறியிருப்பன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். கணவர் வளைகுடாவில் வேலை. பதினொரு வயது மகள் மானிப்பாயில் கணவரின் அக்காவோடு இருந்தாள். வெள்ளி பின்னேரப் படகில் போனால் திங்கள் விடியற் படகில் இவர் திரும்பி வந்துவிட வேண்டும். ஒரு திங்கட்கிழமை வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னார்: "பிள்ளை தேர்ச்சி அறிக்கையைக் கொண்டு வந்தவள். பெற்றோர் எண்ட இடத்திலை மாமியிட்டைக் கையெழுத்து வாங்கிறாள். நான் பக்கத்துக் கதிரையிலை இருக்கிறன்."

அந்தக் கிழமைக்குப் பிறகுதான் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு ஐயரிடம் போனார். ஏழரைச் சனி என்றாராம் ஐயர். சனியைப்போலக் கொடுப்பாரும் இல்லை, கெடுப்பாரும் இல்லை என்ற பழமொழியையும் தட்சணைக்குள் சேர்த்துச் சொல்லி, யந்திரத்தைப் பூசை செய்து கையில் கொடுத்திருக்கிறார். வேலை செய்யும் இடத்திலேயே அதை வைக்க வேண்டும். வைத்த இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு பொழுதும் தவறாமல் விளக்கேற்றிப் பெயரும் நட்சத்திரமும் சொல்லிக் கேட்க வேண்டும். அப்படியென்றால் அந்த நாற்பத்தெட்டு நாளும் சனி ஞாயிறுகளிலும் தீவைவிட்டு நகர முடியாது. "பிள்ளையிட்டைப் போறதுக்காகப் பிள்ளையிட்டைப் போகாமல் இருக்கப் போறியள், என்ன அக்கா?" என்று நான் பகிடி விட்டேன். "தாறதுக்கு முதல் சனி கேப்பான்" என்றார். கேட்டதை அவர் கொடுத்தார். ஏழு வார இறுதிகள். மற்ற ரீச்சர்மார் படகுக்கு ஓடும் வெள்ளிக்கிழமைகளில் இவர் கிணற்றடியில் நின்று தலையில் வாளி வாளியாக உவர்த்தண்ணீர் ஊற்றுவார்.

அவர் கும்பிடும் விதத்தைப் பார்த்தால் ஒரு படிவம் நிரப்புகிறார் என்றுதான் தோன்றும். நல்லெண்ணெய் விளக்கு, ஒரு சிட்டிகை எள், கல்வேலி ஓரம் பூத்த நீலச் சங்குப்பூ. பிறகு பெயர், திருவோண நட்சத்திரம், பாடசாலை, கேட்கும் இடம். ஒருநாள் விண்ணப்பத்தின் இலக்கத்தையும் சேர்த்துச் சொன்னார். நான் சிரித்ததைக் கண்டு, "ஆளை மாறிக் குடுத்திடக் கூடாது, பிள்ளை" என்றார். ஆனால் இலக்கத்தைச் சொல்லி முடித்த பிறகு குரல் இறங்கிவிடும், மூக்கை உறிஞ்சுவது கேட்கும். அந்த நேரங்களில் நான் கொப்பி திருத்துவதுபோல் குனிந்திருப்பேன்.

இருபத்து நான்காம் நாள் அவருக்கு மாதத் துடக்கு வந்தது. அதற்கும் ஐயர் வழி சொல்லியிருந்தார். ரீச்சர் தொடக் கூடாது, பூசையும் நிற்கக் கூடாது, வேறொரு பெண் அவருக்காகச் செய்யலாம். அறையில் நான்தான் இருந்தேன். "நீர் நம்பவேண்டாம். குளிச்சிட்டு, பூவை வைச்சு, விளக்கைக் கொளுத்தி, என்ரை பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னால் காணும். நாலு நாள் தானே" என்று கேட்டுவிட்டு, குசினிப் பக்கம் போய்ப் பாயை விரித்துக்கொண்டார். நான் குளித்தேன், பூ வைத்தேன், விளக்கைக் கொளுத்தினேன். பெயர், நட்சத்திரம் என்று வந்த இடத்தில் நாக்கு தன் பாட்டில் என் பெயரைச் சொன்னது, அத்த நட்சத்திரம் என்றது. சிறு வயதிலிருந்து கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. திருத்திச் சொல்லவில்லை. செப்புத் தகட்டோடு என்ன திருத்தம் என்று எழும்பிவிட்டேன்.

முதல் நாள் நடந்தது பழக்க தோஷம். மற்ற மூன்று நாட்களையும் அந்தக் கணக்கில் போட முடியாது. இரண்டாம் நாள் விளக்கடியில் இருந்தபோது அவருடைய பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, திருவோணமும் ஞாபகம் இருந்தது. என் பெயரைத்தான் சொன்னேன். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் அப்படியே. எனக்கும் அந்தத் தீவிலிருந்து போக வேண்டும் என்றிருந்தது. நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன், சேவைக்காலம் போதாது என்பதால் அதை அவரிடம் சொல்லவும் வெட்கப்பட்டிருந்தேன். விளையாட்டுக்குத்தான் சொல்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். விளையாட்டென்றால் குரலைத் தாழ்த்தியிருக்கத் தேவையில்லை. நான் தாழ்த்தித்தான் சொன்னேன்.

மண்டலம் முடிந்து மூன்றாவது கிழமை கடிதம் வந்தது. எனக்கு. கரையில் ஒரு பாடசாலைக்கு அவசரமாக விஞ்ஞான ஆசிரியர் தேவைப்பட்டிருக்கிறது, தீவுக்கு வர ஒரு புதிய நியமனமும் கிடைத்திருக்கிறது. காரணம் கடிதத்திலேயே ஒழுங்காக எழுதியிருந்தது. கணக்கு ரீச்சர் அதை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். பிறகு என் உடுப்புகளை மடித்துத் தந்தார். இறங்குதுறைவரை என் பையைத் தன் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். படகில் ஏறும்போது, "யந்திரம் வேலை செய்திருக்கு, ஆள்தான் மாறிப்போச்சு" என்று சிரித்தார். பகிடிக்குத்தான் சொன்னார். மறுகரையில் குறிகட்டுவான் இறங்குதுறை வரும்வரை நான் கடலைப் பார்க்கவில்லை, என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் இடமாற்றம் கிடைக்கும்வரை அவர் இன்னும் இரண்டு வருடம் நெடுந்தீவில் இருந்தார். இரண்டாவது வருடம், வாடைக் காற்று மூர்க்கமாக நின்ற நாட்களில், மகள் பெரியபிள்ளையானாள். செய்தி தொலைபேசியில் உடனே போய்ச் சேர்ந்துவிட்டது, படகுதான் மூன்று நாள் ஓடவில்லை. மானிப்பாயில் பிள்ளையின் தலையில் சடங்கின் முதல் நீராட்டான கண்ட தண்ணி வார்த்தபோது தாய் இறங்குதுறையில் பையோடு நின்றாராம். காலையில் போய் நின்று, படகில்லை என்று கேட்டு, விடுதிக்குத் திரும்பி, மத்தியானம் மறுபடி போய் நின்றாராம். இதை இன்னொரு ரீச்சர் சாதாரண செய்தியாகத்தான் எனக்குச் சொன்னார். நான் அன்றிரவு சாப்பிடவில்லை.

அவரிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. தொலைபேசியை எடுத்தால் ஒரு சிக்கல் வரும். செப்புத் தகட்டுக்குச் சக்தி இல்லை என்றால் நான் குற்றம் எதுவும் செய்யவில்லை, மன்னிப்புக் கேட்பது வீண். மன்னிப்புக் கேட்கிறேன் என்றால் தகட்டுக்குச் சக்தி உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக்குக் காந்தமும் மின்சாரமும் படிப்பிக்கிறவள் அப்படி ஒப்புக்கொள்வதா? இந்த வாதம் பத்து வருடம் எனக்கு வசதியாக இருந்தது. நித்திரைக்கு மட்டும் அது உதவவில்லை.

போன வருடம் பரீட்சை விடைத்தாள் திருத்தும் நிலையத்தில் அவரைக் கண்டேன். கணக்குக்காரர் மேல் மாடி, நாங்கள் கீழ் மாடி. மத்தியானம் ஒரே மேசையில் சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். தலை நன்றாக நரைத்திருந்தது, இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு என்றார். மகள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் முதலில் மாமி வீட்டுக்குப் போய்விட்டுத்தான் இவரிடம் வருவாளாம். அதையும் வருத்தம் காட்டாமல், நேர அட்டவணை சொல்வதுபோல் சொன்னார். யந்திரம் இப்போது மானிப்பாயில் இவருடைய வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் விளக்கு வைக்கிறாராம். "இடமாற்றம் தந்தவன் தானே" என்றார். அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. அந்த நாலு நாளையும் சொன்னேன், மற்ற மூன்று நாட்களும் பழக்கத்தால் வந்தவை அல்ல என்பதையும் சொன்னேன்.

சோற்றில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. "நாலு நாளும் உம்மடை பேரோ?"

"ஓம், அக்கா."

"அத்தம்."

"ஓம்."

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எழும்பிப் போயிருக்கலாம். இல்லை, இதெல்லாம் ஒரு விஷயமா பிள்ளை என்று முதுகில் தட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன், அதுதான் எனக்குத் தேவைப்பட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உதடு மெல்ல அசைந்தது. வகுப்பில் கரும்பலகை முன் நின்று மனக்கணக்குப் போடும்போது அவருக்கு உதடு அப்படித்தான் அசையும்.

"நம்பாமல் நீர் சொன்ன நாலு நாள் அவனுக்குக் கேட்டிருக்கு எண்டால், நான் அழுது சொன்ன நாப்பத்துநாலு நாளும் எங்கை போனது, பிள்ளை?"