ஸ்டெல்லாவுக்கு வந்த போன்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. விமானப் பணிப்பெண் வேலைக்கு நானும் என் லிங்கராஜபுரம் தோழி ஸ்டெல்லாவும் விண்ணப்பித்திருந்தோம். எழுத்துத் தேர்வு, குழு விவாதம், மருத்துவப் பரிசோதனை என்று எட்டு மாதம் இழுத்து, கடைசி நேர்காணல் மட்டும் பாக்கி இருந்தது. ஸ்டெல்லா வீட்டில் போன் கிடையாது. விண்ணப்பத்தில் எங்கள் வீட்டு எண்ணைத்தான் எழுதியிருந்தாள்.

ஒரு மதியம் விமான நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இன்டர்வியூ. ஸ்டெல்லாகிட்டயும் சொல்லிடுங்க" என்றார்கள். சரி என்றேன். அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் குழு விவாதத்தில் அவள் என்னைவிட நன்றாகப் பேசியது நினைவுக்கு வந்தது. நான் போகவில்லை.

மறுநாள் நேர்காணல் அறைக்கு வெளியே காத்திருந்தபோது ஸ்டெல்லா வேர்த்து விறுவிறுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து சும்மா விசாரிக்கலாம்னு ஆபீசுக்குப் போனேன்டி, அப்பதான் தெரிஞ்சது. காலையில உன்னைக் கூட்டிட்டு வரலாம்னு வீட்டுக்குப் போனா, நீ கிளம்பிட்டன்னு அம்மா சொன்னாங்க. டென்ஷன்ல எனக்குச் சொல்ல மறந்துட்ட, இல்ல? பரவால்ல விடு."

நான் தலையாட்டினேன். உள்ளே கேட்ட எதற்கும் எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. அவள் தேர்வானாள். நான் இன்னும் இரண்டு முறை முயன்று, பிறகுதான் அந்த வேலையில் சேர்ந்தேன்.

இப்போதெல்லாம் பிறருக்கான செய்தி என்னிடம் வந்தால், அதைச் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை. அன்று நான் மறந்துவிடவில்லை என்பதை மட்டும் ஸ்டெல்லாவிடம் இன்னும் சொல்லவில்லை. இது அச்சில் வந்தால், இந்தப் பக்கத்தை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு