ஒரு சதவீதத்துக்குக் கீழே

திண்டுக்கல்லில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவைச் செம்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சானுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. ஊரே பங்குச் சந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இரண்டாயிரத்து ஏழில், அவர் தன் சேமிப்பையெல்லாம் ஒரே கம்பெனியில் போட்டுவிட்டார். மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி. வெளிநாட்டு ஹெட்ஜ் ஃபண்டுகள் அதை வாங்கிக்கொண்டே இருந்தன என்பதுதான் காரணம்.

“பெரிய பணக்காரனுங்க காச ஒண்ணாச் சேத்து வச்சு வெளையாடுறவன் மாப்ள. உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாமயா இம்புட்டு வாங்குவான்?” என்பார்.

யார் கையில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி வெளியிட வேண்டும். அதைப் பார்த்துச் சொல்வது என் வேலையாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடுவேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் பங்கு கூடியிருந்தது. போனில் சொன்னால் மச்சான் சிரிப்பார். நான் விவரத்தின் தேதியை மறுபடி பார்ப்பேன். காலாண்டு முடிந்து சில வாரம் கழித்துத்தான் அந்த விவரம் வரும். வாங்கியவன் அதற்குள் விற்றுவிட்டிருந்தால்? இந்தப் பக்கம் வாங்கிவிட்டு, இதே பங்கு இறங்கும் என்று அந்தப் பக்கம் பந்தயம் கட்டியிருந்தால்? அதெல்லாம் அதில் தெரியாது.

இரண்டாயிரத்து எட்டின் தொடக்கத்தில் சந்தை சரிந்தது. அடுத்து வந்த விவரத்தில், அதிகம் வைத்திருந்த ஃபண்டின் பெயரையே காணோம். பஸ் பிடித்துச் செம்பட்டிக்குப் போனேன்.

“வித்துட்டுப் போயிட்டானா மாப்ள?”

“ஒரு பர்சென்டுக்கு மேல வச்சிருக்கவுங்க பேரத்தான் போடுவாங்க மச்சான். கொஞ்சம் மிச்சம் வச்சிருந்தாலும் பேரு வராது, அம்புட்டையும் வித்தாலும் வராது. ஆனா வெளிநாட்டுக்காரங்க மொத்தப் பங்கே கொறஞ்சிருக்கு. அவன் வச்சிருந்த அளவுக்குக் கொறஞ்சிருக்கு.”

“கேரளாவுக்கு ஏத்துற லாரி ஒருநா வரலைன்னா தக்காளி அழுகிருச்சுன்னா அர்த்தம்?”

“இல்லதான். ஆனா அன்னைக்கு வெல எறங்கத்தான செய்யும்?”

அவன் ஏன் விற்றான் என்பது அந்த விவரத்தில் இல்லை. கம்பெனியில் ஏதோ கோளாறு என்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம். அவனுக்கே பணமுடையாகவும் இருக்கலாம்.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். மகள் அந்த வருஷம் என்ஜினியரிங் சேர வேண்டும். “அவன் எதுக்கு வித்தா நமக்கென்ன? பிள்ளைய காலேஜுல சேக்குறதுக்கு வேணுங்குறத வித்துருங்க. மிச்சத்த வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் எம்புட்டு வேணாலும் ஆராய்ச்சி பண்ணுங்க” என்றாள்.

மறுநாள் மச்சான் திண்டுக்கல் வந்தார். புரோக்கர் ஆபீசில் “பாதிய வித்துருங்க” என்று அவர் சொன்னது எதிரே இருந்தவருக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்த வாரமே விலை ஏறியது. மச்சான் எனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார். நான் தினமும் விலையைப் பார்த்துப் பார்த்து, இன்னும் ஏறிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் கையில் மிச்சமிருந்ததும் அதே பங்குதான் என்பது அப்போது நினைவில்லை.

வருஷ முடிவுக்குள் சந்தை தலைகுப்புற விழுந்தது. அந்தப் பங்கும் விழுந்தது. மகள் அதற்கு முன்பே கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

பிறகொரு நாள் பேப்பரில் அந்த ஃபண்டை மூடிவிட்ட செய்தி வந்தது. பணம் போட்டவர்களெல்லாம் திருப்பிக் கேட்கவே, உடனே விலைபோகக்கூடியதை முதலில் விற்றிருக்கிறார்கள்.

“அப்ப கம்பெனி மேல குத்தமில்லையா?” என்றார் மச்சான்.

“இல்ல மச்சான்.”

“நாமதான் பயந்துட்டமா?”

“பயந்ததுதான் நல்லதாப் போச்சு.”

மிச்சத்தை அவர் விற்கவில்லை. விலை தேற சில வருஷங்கள் பிடித்தன. அவர் விசாரிப்பதை விட்டுவிட்டார். நான்தான் காலாண்டு முடிந்தால் இன்னும் அந்தப் பெயர்களைத் தேடுகிறேன். புதிதாக ஒரு ஃபண்டின் பெயர் சேர்ந்திருந்தால், இது எப்போது காணாமல் போகுமோ என்று அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.