கட்டைவிரல் நிறுத்திய விநாடிகள்

மூணாம் ரூம் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய வலது கட்டைவிரல்தான். எந்நேரமும் அது ஒரு ஸ்டாப் வாட்சின் பொத்தான்மேல் இருக்கும். பத்தொன்பது வருடம் அதே பள்ளியில் எழுத்தராக இருந்து, அந்த விரலைத் தினமும் பார்த்தவன் நான். பார்த்தும் உறைக்கவில்லை. என்மேலேயே எனக்குள்ள அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எங்கேயாவது என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு மூன்று படிகளில் உதவி உண்டு. முதல் படியில் வகுப்பு ஆசிரியையே கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக்கொள்வார். அது போதாதவர்கள் இரண்டாம் படிக்குப் போவார்கள். நான்கைந்து பேராக உட்கார்ந்து வாரத்துக்கு மூன்று நாள் தனிப்பாடம். அதிலும் சரிவராத பிள்ளை மூன்றாம் படிக்கு, அதாவது அக்காவின் அறைக்கு வரும். அங்கே தினமும் நாற்பது நிமிடம், ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். படிப்போடு முடியாது. மாடிப்படி, திடல், நீச்சல் குளம் என்று எங்கே போனாலும் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் அக்கா இருந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் சோதனை. பிள்ளை ஒரு நிமிடம் படிக்கும், பிழையில்லாமல் எத்தனை சொல் படித்தது என்று அக்கா எண்ணுவார். அந்த எண்ணை நான் கிராஃபில் ஒரு புள்ளியாக வைப்பேன். பிள்ளை எந்த வேகத்தில் முன்னேற வேண்டும் என்பதைக் காட்டக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு இருக்கும். தொடர்ந்து ஆறு புள்ளி கோட்டுக்கு மேலே விழுந்தால் பிள்ளை தேறிவிட்டது, இரண்டாம் படிக்குப் போகலாம். காலியான இடத்துக்கு அடுத்த பிள்ளை வரும். “ஆஸ்பத்திரி கட்டில் மாதிரிதான், ஒருத்தர் எழுந்தாத்தான் இன்னொருத்தர் படுக்க முடியும்” என்பார் தலைமையாசிரியை. அவரையும் குறை சொல்ல முடியாது. வரிசையில் எப்போதும் ஏழெட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

அக்காவின் கணவருக்குத் திக்குவாய். மதியச் சாப்பாட்டைக் கொடுக்க வாசலுக்கு வருவார், ஏதாவது ஒரு சொல்லில் மாட்டிக்கொள்வார். அக்கா அதை முடித்துக் கொடுக்கவே மாட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு கூட இல்லாமல் நிற்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் நான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அக்கா என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். “அவர் வார்த்தையை அவரே எடுத்துட்டு வருவார் தம்பி. உங்களுக்கு என்ன, ரயிலா போயிடும்?”

அந்தப் பொறுமைதான் வெள்ளிக்கிழமைச் சோதனைக்குள்ளும் நுழைந்திருந்தது. பிள்ளை படிப்பதை நிறுத்தினால் கட்டைவிரல் பொத்தானை அழுத்தும், கடிகாரம் நிற்கும். பிள்ளை மறுபடி தொடங்கினால் விரல் மறுபடி அழுத்தும். மூச்சு வாங்கும் நேரத்தையெல்லாம் ஒரு குழந்தையின் கணக்கில் சேர்ப்பது அநியாயம் என்பது அவருடைய எண்ணம். ஒரு நிமிடம் என்றால் ஓயாமல் ஓடும் ஒரு நிமிடம் என்று விதிமுறையில் எழுதியிருந்தது. அதை நானும் படிக்கவில்லை, அவரும் படிக்கவில்லை.

அந்த வருடம் மூன்றாம் அறைக்கு வந்தவளுக்குக் கனாக்காரி என்று பெயர் வைத்திருந்தோம். இரண்டாம் வகுப்பு, ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. “கூப்பிட்டா காதுலயே வாங்கமாட்டா. எங்கேயோ பாத்துக்கிட்டு நிப்பா, திமிரு” என்று வகுப்பு ஆசிரியை சலித்துக்கொள்வார். அக்காவுக்கு அவள்மேல் உயிர். “திமிரும் இல்ல ஒண்ணும் இல்ல. குழந்தை யோசிக்குது” என்பார்.

யோசிக்கும் குழந்தையின் கிராஃப் ஏறு ஏறு என்று ஏறியது. ஆறாவது புள்ளியும் மேலே விழுந்தது. திங்கட்கிழமை அவள் அப்பா கையெழுத்துப் போட வந்தார். வேன் ஓட்டுகிறவர், சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்ப இனிமே பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லீங்களா சார்?”

“கிராஃபைப் பாருங்க, எப்படி ஏறியிருக்கான்னு! கவலையே வேண்டாம்” என்றேன். அந்த வாயை இன்றைக்கும் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை இரண்டாம் வகுப்புக்கு, தெருவுக்கு எதிரே உள்ள குளத்தில் நீச்சல். அன்று காலை மூன்றாம் அறையின் சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற ஸ்டூல்மேல் ஏறியிருந்தேன். படி மாறும் பிள்ளையைக் கடைசியாக ஒரு தடவை படிக்க வைத்து, அந்தத் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது அக்காவின் வழக்கம். கனாக்காரி படித்து முடித்தாள். “ஒரு நிமிஷம்! சபாஷ்!” என்றார் அக்கா. அவள் தொடங்கியபோதுதான் முள்ளைப் பன்னிரண்டில் வைத்து ஓடவிட்டிருந்தேன்; என் கையிலிருந்த கடிகாரம் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி காட்டியது.

“என்னக்கா, உங்க நிமிஷம் மட்டும் ரெண்டு நிமிஷம் ஓடுது?” என்று சிரித்தேன்.

“யோசிக்கிற நேரத்தைக் கழிச்சிடுவேன் தம்பி” என்று அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. “எவ்வளவு கூட ஓடுச்சு?”

“அம்பது செகண்ட்.”

அக்கா ஸ்டாப் வாட்சை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டார். “கண்ணு, இன்னொரு தடவை படிம்மா.”

நான்காவது வரியில் குழந்தை நின்றாள். பார்வை ஜன்னல் பக்கம் போனது, இமைகள் மட்டும் லேசாகத் துடித்தன. “கண்ணு” என்றார் அக்கா. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். பழைய பேட்டரி என் கையிலிருந்து நழுவி, தரையில் விழுந்து உருண்டது. நான் திடுக்கிட்டேன், அக்கா திடுக்கிட்டார், குழந்தை திரும்பவில்லை. பதினான்கு விநாடி. பிறகு விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து, ஒன்றுமே நடக்காததுபோல் படிக்க ஆரம்பித்தாள்.

“நான் கூப்பிட்டது கேட்டுச்சாம்மா?”

“எப்ப டீச்சர்?”

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். மணி அடித்தது. “நீச்சல்!” என்று கத்திக்கொண்டே அவள் படியிறங்கி ஓடிவிட்டாள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுதாரித்து எழுந்து நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனோம். அப்பா கையெழுத்துப் போட்டதோடு அவள் அக்காவின் பட்டியலிலிருந்து போய்விட்டாள்; பட்டியலில் இல்லாத பிள்ளையை நீச்சல் வகுப்புக்குப் போகாமல் நிறுத்தத் தலைமையாசிரியைக்கு மட்டும்தான் அதிகாரம்.

அவர் கிராஃபை எடுத்துப் பார்த்தார். “இதுல தப்பு ஒண்ணும் தெரியலையே. ஆறு வாரம் கழிச்சு மறுபடி பாப்போம். டாக்டர்கிட்ட அனுப்பணும்னாலும் கிராஃப் கீழ போயிருக்கணும்ல?”

“கிராஃபே பொய் மேடம். நான் கடிகாரத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டது.”

“யோசிச்சுப் பேசுங்க. இதை எழுதிக் கொடுத்தா உங்க வேலையே போயிடும்.”

“பேப்பர் குடுங்க.”

அக்கா இரண்டு வரி எழுதியிருப்பார். ஜன்னல் வழியாக வெளிகேட் தெரிந்தது. சிவப்புத் தொப்பி போட்ட முப்பது பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகத் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்கள். அக்கா பேனாவைப் போட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வலிக்காரர். நான் பின்னாலேயே ஓடியும் அவரைப் பிடிக்க முடியவில்லை.

குளத்துக்குள் பிள்ளைகள் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர்கள் இரண்டே பேர். அக்கா உடுத்திய துணியோடு தண்ணீருக்குள் இறங்கி, கனாக்காரியின் பக்கத்தில் போய் நின்றார். “அம்மா, இந்தப் பொண்ணு இப்ப உங்க லிஸ்ட்லயே இல்லையே!” என்று பயிற்சியாளர் கத்தினார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், தண்ணீர் தெறித்தது. அநாவசியமாகப் பயந்துவிட்டோமோ, அக்கா வேலையைத் தொலைத்ததுதான் மிச்சமோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

அப்போது கனாக்காரியின் கை கம்பியை விட்டது. அவள் கத்தவில்லை, கையைக் காலை அடித்துக்கொள்ளவில்லை. சிவப்புத் தொப்பி சும்மா கீழே போனது. மூன்று பிள்ளைகள் தள்ளி நின்ற பயிற்சியாளர் வேறொரு பையனின் காலைத் திருத்திக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்காவின் கைகள் ஏற்கனவே தண்ணீருக்கு அடியில் காத்திருந்தன. தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குழந்தை இருமினாள், கண்ணைக் கசக்கினாள், அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏன் டீச்சர் டிரஸ்ஸோட குளிக்கிறீங்க?”

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். நான் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

அது ஒருவகை வலிப்பு என்றார் டாக்டர். உடம்பு துள்ளாது, மூளை மட்டும் சில விநாடி அணைந்து எரியும். மாத்திரை கொடுத்தார். விசாரணை முடியும்வரை அக்கா சோதனை எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. தலைமையாசிரியை மோசமானவர் இல்லை. “அந்தக் கிராஃப்ல என் கையெழுத்தும் இருக்கு” என்று அவரும் எழுதிக் கொடுத்தார். கனாக்காரியின் அப்பா வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

மறு திங்கட்கிழமை அக்கா அலுவலகத்துக்கு வந்தார். “தம்பி, பழைய ஃபைலெல்லாம் எடுங்க.”

“எதுக்குக்கா? அதான் குழந்தை பிழைச்சிடுச்சே.”

“இவ நின்னதை நீங்க பாத்தீங்க. மத்த பிள்ளைங்க நின்னதை யாரு பாத்தா? எல்லாத்தையும் நான்தானே கழிச்சேன்.”

பத்தொன்பது வருடம், அறுபத்து மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு கிராஃபும் அழகாக ஏறியிருந்தது. எல்லாம் நான் வைத்த புள்ளிகள். அலுவலக ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, அக்கா ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார். நலம் விசாரிப்பார், பிறகு ஒரே கேள்வி: “படிக்கிறப்பவோ நடக்கிறப்பவோ உங்க பிள்ளை சட்டுன்னு நின்னு போறது உண்டா?” முதல் பதினொரு வீட்டில் சிரித்தார்கள். ஒருத்தன் கல்லூரிக்குப் போகிறானாம். ஒருத்திக்குக் கல்யாணமாம், பத்திரிகை அனுப்புகிறார்களாம்.

பன்னிரண்டாவது ஃபைலில் இருந்தவள் பதினொரு வருடம் முன்னால் மூன்றாம் படியிலிருந்து மாறியவள். பள்ளியிலேயே செங்குத்தான கிராஃப் அவளுடையது. அதை நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்தவனே நான்தான். அவளுடைய அம்மா ஃபோனை எடுத்தார். அக்காவின் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டு, “டீச்சரா! நல்லா இருக்கீங்களா?” என்றார். அக்கா கேள்வியைக் கேட்டார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அக்காவின் கட்டைவிரல் மேஜை விளிம்பில் ஒரு பொத்தானைத் தேடி அழுந்தியது. அது தெரிந்ததும் இடது கையால் அந்த விரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து விநாடி ஆனது, இருபது ஆனது. முள் ஓடிக்கொண்டே இருந்தது.

“என் பொண்ணு மாடிப்படியில கால் தடுக்கி விழுந்து செத்துட்டான்னுதான் எல்லாரும் சொன்னாங்க” என்றது அந்தக் குரல். “இதை அன்னைக்கே ஏன் டீச்சர் நீங்க கேக்கலை?”