கோட்டை மேட்டின் வடக்குப் பக்கம்

எங்கள் ஊரில் கோட்டை என்பது ஒரு மண்மேடுதான். பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் அதற்காக மாறி மாறிச் சண்டை போட்டார்களாம். சிப்பாய்கள் போனபின் செங்கல்லை ஊர் எடுத்துக்கொண்டது. எங்கள் வாசற்படி மூன்றும் அந்தக் கல்தான். கல் தீர்ந்ததும் மண்ணுக்கு வந்தோம். பழைய மண் பயிருக்கு நல்ல உரம் என்று, சித்திரையில் வயல் காய்ந்து கிடக்கும்போது ஆளுக்கு ஒரு பக்கம் வெட்டி வண்டியில் ஏற்றுவோம்.

வடக்குப் பக்கம் என்னுடையது. நான் பள்ளிக்கூட வாத்தியார். கொஞ்சம் நிலமும் உண்டு. எனக்கு மண் வெட்டியவர் மாதாகோயில் தெருக்காரர், என் வயதுதான். அவர் சரிவாக வெட்டுவார். எத்தனை வண்டி போனது என்று பார்த்ததும் தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"நேரா வெட்டுப்பா. சரிவா வெட்டினா கணக்கு நிக்காது."

"செவுரு மாதிரி வோணுமா? வெட்டிட்டா போச்சு. செவுரே இல்லாத கோட்டைக்கு நீயாச்சும் ஒண்ணு வெச்சியே வாத்தியாரே" என்று சிரித்தார்.

ஆறு சித்திரைகளில் அந்தப் பக்கம் என் தலைக்கு மேல் செங்குத்தாக நின்றது.

எழுபதுகளில் ஒரு கார்த்திகைக் காலையில் ஏரி உடைந்தது. ஊரில் உயரமான இடம் கோட்டை மேடு ஒன்றே. என் வீடு தெற்கே. மனைவி, பிள்ளைகள், இரண்டு மாடுகளோடு முதலில் ஏறிவிட்டேன். ஏறி வந்தவர்களை எண்ணிக்கொண்டும் இருந்தேன். மாதாகோயில் தெரு வடக்கே. அவர்கள் வந்து சேர்ந்தது நான் வெட்டவைத்த சுவரின் அடியில்.

ஆட்களைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டோம். கடைசியாக எனக்கு மண் வெட்டுகிறவர் நின்றார், கையில் நிறைமாதச் சினைப் பசுவின் கயிறு. அவர் வீட்டில் இருந்தது அந்த ஒரு மாடுதான்.

"சுத்திக்கினு வாப்பா!" என்று கத்தினேன்.

"தண்ணி இஸ்துக்கினு போவுது வாத்தியாரே! மேலேருந்து இழு!"

நாலு பேர் இழுத்தோம். பசு முன்னங்காலை வைத்த இடமெல்லாம் மண் பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் மார்புக்கு வந்ததும் அவரே கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

"போடிம்மா, நீந்திக்கினு போ."

பசு தலையைத் தூக்கியபடி போனது. திரும்பி வரவில்லை.

மேலே ஏறியதும் என் மாட்டைத் தொட்டுப் பார்த்து, "இது நடுங்குது பாரு, சாக்கு இருந்தா போத்து" என்றார். சுவரைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

அடுத்த சித்திரையில் அவரையே கூப்பிட்டேன்.

"எத்தினி வண்டி?"

"வண்டி வராது. மாடு ஏறுற மாதிரி சரிவா வெட்டிடு."

"அப்போ கணக்கு?"

நான் சரிவு தொடங்க வேண்டிய இடத்தில் காலால் கோடு போட்டேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

இப்போது மேட்டின் உச்சியில் கொம்யூன் பஞ்சாயத்து கட்டிய தண்ணீர்த்தொட்டி இருக்கிறது. குழாய் திறக்க வருகிறவர் அந்தச் சரிவில்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறார். பார்க்கும்போதெல்லாம் வெட்டி முடித்த அந்த மாலை நினைவுக்கு வருகிறது.

"ஒரு மாட்ட ஓட்டிக்கினு வா, ஏறுதான்னு பாப்போம்" என்றார், மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு. என் பசுவைக் கொண்டுபோனேன். கயிற்றைப் பிடித்து அவரே மேலே ஏற்றி, ஒரு சுற்று நடத்தி, இறக்கிக் கொண்டுவந்தார்.

"நல்லா ஏறுது வாத்தியாரே" என்று கயிற்றை என்னிடம் நீட்டினார்.

என் வீட்டுக் கொட்டகையில் இன்னொரு பசு நின்றது, அவர் வீட்டில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் கயிற்றை வாங்கிக்கொண்டேன். மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.