ஸ்டோரில் போட்ட மோட்டார் சைக்கிள்

நான் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லை எங்கள் பக்கத்து அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்குப் போய் ஸ்டோர்கீப்பர் குதித்த குதி இருக்கிறதே, அப்பப்பா!

குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு ஃபிட்டர் வேலை. இலங்கையில் செய்ததும் அதே வேலைதான். இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தப்படி கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, இந்த மலைக்கு வந்து சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தோட்டத்தில் எல்லாருக்கும் நான் ‘சிலோன்’. அம்மா அப்பா வைத்த பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும் போலிருக்கிறது.

மானேஜர் பங்களாவின் கார் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. சைக்கிளுக்கு எஞ்சின் மாட்டியது போன்ற ஒல்லி உடம்பு. மிதிக்கப் பெடல் உண்டு. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. செயினுக்குப் பதில் தோல் பெல்ட். டேங்கில் இருந்த கம்பெனிப் பெயரைத் துரு தின்றுவிட்டது.

அருவங்காட்டிலிருந்து பழைய வண்டிப் பித்துப் பிடித்த ஒரு கடைசல்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ஆரம்ப காலத்தில் சீமையில் தெருவுக்கு ஒருத்தர் மோட்டார் சைக்கிள் செய்யக் கிளம்பினார்களாம். முக்கால்வாசிப் பேர் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டார்களாம். “இதுக்குக் கூடப்பொறந்தது ஒலகத்துல இன்னொன்னு இருக்குமான்னு தெரியலீங்க” என்றார். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எண்ணெயும் துணியுமாக ஷெட்டுக்குப் போய்விடுவேன். “கட்டுன பொண்டாட்டி தலைக்கு ஒருநா எண்ணெ வச்சு விட்டிருப்பீங்களா?” என்று வீட்டில் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஒரு திங்கட்கிழமை மானேஜர் கூப்பிட்டார். “சிலோன், அந்தப் பழைய பைக்கைத் தள்ளிட்டுப் போய் ஸ்டோர்ல போட்டுடு. புதன்கிழமை பழைய இரும்புக்காரன் வர்றான்.”

இரும்புக்காரன் வந்தால் சம்மட்டியோடுதான் வருவான். “சரிங்க தொரை” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஸ்டோர் என்றால் இங்கே ஆபீஸுக்குப் பக்கத்தில் உரமும் மண்வெட்டியும் அடுக்கி வைக்கிற தகரக் கொட்டகை. இலங்கைத் தோட்டங்களில் ஸ்டோர் என்றால் தேயிலை ஃபேக்டரி. நான் எந்த ஊர்க்காரன்? எங்கள் ஊர் ஸ்டோரில், அதாவது ஃபேக்டரி எஞ்சின் ரூமில், வண்டியைப் பத்திரமாக நிறுத்திச் சாக்கைப் போட்டு மூடினேன்.

புதன்கிழமை ஸ்டோர்கீப்பர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். மேட்டுப்பாளையத்துக்காரர், கோபத்திலும் மரியாதை குறையாது.

“ஏனுங்க, அந்த வண்டி எங்கீங்க?”

“ஸ்டோர்லதாங்கய்யா.”

“ஸ்டோர்ல இல்லீங்களே!”

“நல்லாப் பாருங்கய்யா. நாந்தானே கொண்டுபோய் வச்சேன்.”

மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார், பாவம். அதற்குள் இரும்புக்காரன் உடைந்த தகரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். விஷயம் மானேஜரிடம் போனது. நான் பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “எங்க பக்கம் ஃபேக்டரியத்தாங்க தொரை ஸ்டோருன்னு சொல்லுவோம்” என்றேன்.

“ரெண்டு வருஷமா மண்வெட்டி எங்கே வாங்குறே?”

நான் தலையைச் சொறிந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விடவில்லை. “அடுத்த புதன் அவன் திரும்ப வருவான். அதுக்குள்ள ஓடுச்சுன்னா வண்டி இங்கேயே இருக்கட்டும். ஓடலைன்னா நீயே உன் கையால உடைச்சுக் கொடு.”

ஏழு நாள். ஃபேக்டரியில் கழித்துப்போட்ட மெஷின் பெல்ட்டை அறுத்து, அடுக்கி, ஆணி அடித்துப் புதுப் பெல்ட் செய்தேன். எஞ்சினில் தேய்ந்துபோன புஷ் வளையத்தை அருவங்காட்டுக்காரர் தன் வீட்டுக் கடைசல் மெஷினில் கடைந்து கொடுத்தார். செவ்வாய் வரை எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புதன் காலை ஆபீஸ் வாசலில் மானேஜர், ஸ்டோர்கீப்பர், சம்மட்டியோடு இரும்புக்காரன். ஃபேக்டரியிலிருந்து ஆபீஸுக்கு நல்ல இறக்கம். ஓட வேண்டும் என்றுதானே சொன்னார்? இறக்கத்தில் விட்டால் அம்மிக்கல்லும் ஓடும். அரை டம்ளர் பெட்ரோல் ஊற்றி, ஏறி உட்கார்ந்து வண்டியை உருள விட்டேன். பாதி வழியில் டமார் என்று ஒரு வெடி, பிறகு படபடவென்று எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஐயோ, என் சாமி! சந்தோஷத்தில் நிறுத்துகிற கம்பியை இழுத்தேன். அறுந்து கையோடு வந்துவிட்டது. மானேஜரைத் தாண்டி, இரும்புக்காரனைத் தாண்டி, கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் தேயிலைக்குள் தாவ, பெட்ரோல் தீர்ந்த இடத்தில்தான் நின்றேன். திரும்பி மூன்று மைல் தள்ளிக்கொண்டு வந்தேன். இரும்புக்காரன் போய்விட்டிருந்தான்.

வண்டியைத் தோட்டத்துச் சாமான் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்று ஸ்டோர்கீப்பர் வந்தார். “கம்பெனி பேரு என்னங்க?” தெரியாது என்றேன். பேரில்லாமல் ஏற்ற முடியாது என்று தானாகவே ‘சிலோன்’ என்று எழுதினார். எழுதியதோடு விடாமல் டேங்கிலும் வெள்ளைப் பெயிண்டில் அடித்துவிட்டார்.

“ஐயா, இது சீமை வண்டி. சிலோனைக் கண்ணால பார்த்ததில்ல.”

“உங்களைச் சிலோன்னு கூப்பிடறமில்லீங்க? அப்படித்தானுங்க இதுவும்.”

அங்கே இருந்தவரை எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்தால் இப்படி. எனக்குச் சுருக்கென்றது.

வண்டி ஃபேக்டரியிலேயே நின்றது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். பல வருடம் கழித்துப் பழைய வண்டிகளைத் தேடி எழுதுகிற ஒருவர் பெங்களூரிலிருந்து வந்தார். டேங்கைப் பார்த்ததும் குனிந்து அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, “சிலோன்ல மோட்டார் சைக்கிள் செஞ்சாங்களா? நான் கேள்விப்பட்டதே இல்லையே! எப்படி இங்கே வந்துச்சு?” என்றார். ஸ்டோர்கீப்பர் பக்கத்தில்தான் நின்றார்.

“நல்லா ஒழைக்கிற வண்டிங்கய்யா” என்றேன். “ஒழைச்சு முடிச்சதும், ஒன் ஊருக்குப் போன்னு கப்பல்ல ஏத்திவிட்டுட்டாங்க.”