அப்பா குடிக்காத மருந்து

அப்பாவின் காலில் ஏறிய ஆணியை எடுத்த பிறகும் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் வீரியமான ஆன்டிபயாடிக் கொடுத்தார். கால் ஆறத் தொடங்கியது, வயிறு கெட்டது. அப்பா கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடியில் ஒரு கல்யாணம். ஆம்பூர் தோல் கம்பெனியில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவரின் கடைசி மகளுக்கு. அவரை நான் பாய் மாமா என்பேன். அவருக்கு அப்பா 'தோஸ்த்'; இருவரும் வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட அவர், மகளைக் கட்டிக் கொடுத்த கையோடு பெங்களூரில் மகன் வீட்டுக்குக் குடிபோவதாக இருந்தார்.

"மண்டப வாசல்ல என் பக்கத்துல நீதான்டா நிக்கணும்" என்று பத்திரிகை வைக்க வந்தபோதே சொல்லியிருந்தார். அப்பா அதற்காக ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்.

மறுபடி டாக்டரிடம் போனோம். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆன்டிபயாடிக் கெட்ட கிருமிகளோடு நல்லவற்றையும் சேர்த்துக் கொன்றிருக்கும் என்றார். உப்பு சர்க்கரைக் கரைசல் நிறையக் குடிக்கச் சொல்லிவிட்டு, மெடிக்கலில் வாங்கிக்கொள்ளச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள் எழுதிக் கொடுத்தார். நான் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். குப்பியைப் பார்த்ததும் உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. படித்தது வீட்டுக்கும் உதவுகிறதே என்று அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன்.

"இதுல இருக்கிறது உசுருள்ள பாக்டீரியாப்பா. ஆனா தூங்கிட்டிருக்கு. மேல கெட்டியா ஒரு ஓடு இருக்கு. நம்ம ஊரு வெயில்ல வெச்சாக்கூட சாகாது, ஃப்ரிட்ஜ் வேணாம். வயித்துல இருக்கிற ஆசிட்டயும் தாங்கும். குடலுக்குப் போனதும் ஓட்ட ஒடச்சிட்டு முளைக்கும்."

அப்பா குப்பியின் அட்டைப்பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டினார். "பே... சில்... லஸ்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இது எங்க பேட்டிங் பவுடர்ல இருக்கிறதாச்சே?"

சுண்ணாம்பில் ஊறிய தோலை டிரம்மில் போட்டுச் சுற்றும்போது, அது மெத்தென்று ஆவதற்காகச் சேர்க்கும் தூள் அது. கெமிக்கல்காரர் ஒருவர் கம்பெனிக்கு வந்து செய்து காட்டியபோது இந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பிடிபடாத குஷி. அவர் வேலைக்கும் என் படிப்புக்கும் நடுவே இப்படியொரு தொடர்பு இருப்பதை அவரே கண்டுபிடித்துவிட்டாரே! "ஆமாம்பா! அதோட சொந்தக்காரன்தான் இது" என்றேன்.

அப்பா பெட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டார்.

"எருமைத் தோலு எவ்ளோ கெட்டி, தெரியுமா? அதையே இது இளக்கிடும். கொஞ்ச நேரம் ஜாஸ்தி ஓட்டினா தோலே பாழ். என் குடலு எம்மாத்திரம்?"

"அது வேற, இது வேறப்பா. உங்க பவுடர் மூட்டைல இருக்கிறது பாக்டீரியா இல்ல. அதுங்ககிட்டேருந்து பிரிச்செடுத்த சரக்கு. இது..."

"சொந்தக்காரன்னு நீதானே சொன்ன?"

அம்மா கெஞ்சியும் அவர் குடிக்கவில்லை. கரைசலை மட்டும் குடித்தார். டாக்டரையே போனில் பேச வைக்கலாம் என்று நினைத்தேன். அது காய்ச்சல் காலம், லேபில் நிற்க இடமில்லாத கூட்டம். நான் வீடு திரும்பும்போதெல்லாம் அவர் அசந்து படுத்திருந்தார். அப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா ஆட்டோவில் ஏறினார். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டியைத் திருப்பச் சொன்னார். அம்மா அவரோடு தங்கிவிட்டாள். நான் மட்டும் கிளம்பினேன்.

"நாலு பேரு சாப்பிடுற எடத்துல என் வயித்துக் கதைய எடுக்காத. வேலைன்னு சொல்லிடு" என்று கழிவறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

மண்டப வாசலில் பாய் மாமா என் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார். "அப்பா எங்கம்மா?"

"கம்பெனில அவசர ஆர்டர், மாமா."

"ஞாயித்துக்கெழமையா?"

எத்தனையோ வருடம் அந்தக் கம்பெனியில் இருந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை டிரம் ஓடாது என்று தெரியாதா? மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது அவர் தனியாகவே நின்று கை கொடுத்தார். என்னிடம் மட்டும், "சாப்டாம போவாத" என்றார். இலையில் விழுந்த பிரியாணியைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பாய் மாமா பெங்களூர் போய்விட்டார். போகும் முன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆன்டிபயாடிக் முடிந்ததும் அப்பாவின் வயிறு தானாகவே சரியானது. அந்த மருந்தைக் குடித்திருந்தால் வயிற்றுப்போக்கு கல்யாணத்துக்குள் நின்றிருக்குமா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா. சிலருக்குச் சீக்கிரம் நிக்குது. சிலருக்கு வித்தியாசமே தெரியறதில்ல" என்றார். நின்றிருக்கும் என்று அவர் சொல்லியிருந்தால் 'சொந்தக்காரன்' என்று சொன்ன என்னை நானே திட்டிக்கொண்டாவது மனசை ஆற்றியிருப்பேன்.

போன ரம்ஜானுக்கு, அப்பாவுக்குத் தெரியாமல், பாய் மாமாவைப் போனில் அழைத்து உள்ளதைச் சொன்னேன்.

"வயிறுதானா? இன்னாம்மா இது, சொல்லியிருந்தா பாத்ரூம் பக்கத்துலயே சேர் போட்டு உக்கார வெச்சிருப்பேனே! அவன் இல்லாம அந்த வாசல்ல நிக்கறதுக்கு எனக்கு எப்படி இருந்துச்சி தெரியுமா?" என்றார். பிறகு, "அவன்கிட்ட குடு."

அப்பாவிடம் போனை நீட்டினேன். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். அந்தப் பக்கமும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். "இருக்கேங்க, இருக்கேங்க" என்றார். பேரன் பேத்திகள், பெங்களூர்க் குளிர், கம்பெனியில் புதிதாக வந்திருக்கும் மெஷின் என்று பேச்சு போனது. கல்யாணத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. கூட்டத்தில் அறிமுகமான இரண்டு பெரிய மனிதர்கள் பேசிக்கொள்வது போலிருந்தது.

"பெங்களூருக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போறேம்பா" என்றேன், போனை வாங்கிக்கொண்டு.

"பாக்கலாம். அவருக்கும் வேலை இருக்கும்" என்றார் அப்பா.

இன்னும் போகவில்லை.